6 = விடுவி

மார்க்கத்தில் இரவு இரண்டேகால்.
மார்க்கம் என்றால் வழி என்று
இந்த ஊருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
கண்ணாடி அறைக்குள், குளிர்பெட்டி உயரத்தில்
கறுப்பாய் நிற்கிறது கணினி.
பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை, நடுத்தரம்,
எங்கள் சம்பளம் மாதிரி.

தொள்ளாயிரம் கிலோமீட்டர் வடக்கே
ஹெர்ஸ்டில், மரஆலைக் கிடங்கில்,
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
ஒடெட் லஷான்ஸ் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
மேசைக்கடியில் தவழ்கிறாள்.
"பிரிண்டர் ஊமை. என் திரையும் ஊமை.
நாலு மணிக்கு லொறி. சீட்டில்லாமல்
ஒரு பலகை வெளியே போகாது."

என் பக்கத்தில் பச்சை எழுத்து:
இணைப்பு நிலுவையில்.
நிலுவை என்பது இல்லை ஆகாது.
ஆமும் ஆகாது.
குடிவரவுக் கடிதங்கள் மூன்று வருடமாய்
எனக்கு எழுதிய சொல் அது.

"வடத்தைப் பிடித்துக்கொண்டே போ," என்கிறேன்.
ஒரு வடத்தில் ஏழு பேர் குடியிருக்கலாம்,
சைபர் முதல் ஆறு வரை.
ஒரே எண்ணை இருவர் சொன்னால் இருவருமே இல்லை.
அவள் தொட்டுத் தொட்டுச் சொல்கிறாள்:
கணக்கறை, சைபர். எடைமேடை, ஒன்று.
இரண்டில் லுட்ஜேர் இருந்தான், ஓய்வில் போனான்.
மூன்று நான். நான்கு பிரிண்டர்.
"அதற்குப் பிறகு?"
"சுவர்."

சுவர் இருக்கக் கூடாது.
என் வரைபடத்தில் ஐந்து இருக்கிறது.
கிறிஸ்மஸ் மரத்துக்கு இடம் வேண்டி
யாரோ ஐந்தைக் கழற்றியிருக்கிறார்கள்.
மரம் போய்விட்டது. ஐந்து வரவில்லை.

கடைசியில் நிற்பது
தான்தான் கடைசி என்று அறிந்திருக்க வேண்டும்.
அறியாவிட்டால், போன சொல்
வடத்தின் வெட்டுவாயில் மோதித் திரும்பி
பின்னால் வரும் சொல்லை மிதிக்கும்.
பேச ஆளில்லாத மௌனம் இல்லை இது.
பேசினதே வந்து பேச்சைக் கெடுப்பது.

"பிரிண்டரின் முதுகில் ஒரு சின்ன விசை.
ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளு."
"நகம் போச்சு."
பிறகு பிரெஞ்சில் ஏதோ
தேவாலயச் சாமானைச் சொல்லித் திட்டினாள்.
தள்ளுப்பட்டது.

சைபர் விழித்தது. ஒன்று விழித்தது. மூன்று, நான்கு.

வரிசையில் காத்திருந்தவை நான்கு கோப்புகள்.
ஏற்றுச் சீட்டு. எடைப் பட்டியல். டீசல் கணக்கு.
நான்காவது, தலைமை அலுவலகத்திலிருந்து,
மாலை ஐந்தேமுக்காலுக்கு,
எல்லாரும் கோட்டு மாட்டிய பிறகு வந்தது.
பத்தெழுத்துக்கு மேல் பெயர் வைக்க
இந்த இயந்திரம் விடாது.
ஹெர்ஸ்ட், மூடல், மார்ச்:
உயிரெழுத்தையெல்லாம் பிடுங்கிவிட்டு
பத்துக்குள் அடைத்திருந்தார்கள்.
பதினொரு பக்கம்.

மூன்று போட்டால் நிறுத்தி வைக்கும்.
நான்கு போட்டால் அழிக்கும்.
ஆறு போட்டால் விடும்.
நான் மூன்றைப் போட்டேன்.
யாரும் சொல்லவில்லை. விடிய ஐந்து மணி நேரம்,
அதை யாருக்காக மிச்சம் பிடித்தேன் என்று
இன்றைக்கும் தெரியாது.

தொலைபேசிக்குள் பிரிண்டர் தொடங்கியது,
தகரக் கூரையில் ஆலங்கட்டி.
"மூன்று வந்தாச்சு. நான்காவது?"
"நான்காவது இல்லை," என்றேன்.
சொன்ன சொல் திரும்பி வந்து
என் காதிலேயே விழுந்தது.

"என் திரையை நீதானே இப்போது எழுப்பினாய்,"
என்றாள் ஒடெட்.
"அதே வரிசைதான் எனக்கும் தெரிகிறது."

வேறென்ன கேட்பது?
"தாள் போதுமா?" என்று கேட்டேன்.
"பெட்டி நிறைய இருக்கு. ஆறு போடு."

போட்டேன்.
ஐந்தாம் பக்கத்தில் தாள் சிக்கியது.
மூடியைத் திறந்து, இழுத்து, கிழித்து, நேராக்கி,
"மறுபடியும் ஐந்திலிருந்து," என்றாள்.

அழைப்புப் புத்தகத்தில் எழுதினேன்:
காரணம், கடைசிக் கருவியின் விசை.
தீர்ந்தது, மூன்று பத்து.