கரடிக்குத்தான்

தோட்டாப் பெட்டியைக் கல்லாவில் தட்டியபடி
ஒவ்வோர் இலையுதிர்காலமும் கேட்பாள்
கடைக்கார ஜோலீன்:
"கரடிக்கா?"
"கரடிக்குத்தான்" என்பேன்.
பேச்சு அதோடு முடியும். சில்லறை வரும்.

கரடிக்கு என்னிடம் மிளகாய் இருக்கிறது,
இடுப்பில், சிவப்புக் குப்பியில்.
எதிர்க்காற்று அடிக்காதவரை நல்ல மருந்து.
ஒருமுறை அடித்தது.
கரடி தன் வழியே போயிற்று.
நான் ஓடையில் முகத்தை முக்கி
அரைமணி நேரம் அழுதேன்.

மரம் எண்ணுவது என் வேலை.
வடக்கு இடாகோவில், ரம்பம் வருமுன்,
இந்தச் சரிவில் லார்ச் எத்தனை, சீடார் எத்தனை,
நெஞ்சுயரத்தில் என்ன பருமன் என்று
நாடா பிடித்து எழுதுகிறவள்.
நெஞ்சுயரத்தில்தான் துப்பாக்கியும்;
முதுகுப்பையின் வார் இடுப்பை எடுத்துக்கொண்டதால்.
ஆறு குழி.
இரண்டில் பாம்புக்கான பொடிரவை,
நான்கில் ஈயம்.
மிச்சத் தோட்டா வண்டியில் கிடக்கும்.

"அந்த எடைக்கு ஐந்து ஆப்பிள் கொண்டுவரலாம்"
என்பார் கூட வரும் வெர்லின் ஸ்டோக்கி.
அவர் ஆப்பிள்தான் கொண்டுவருவார்.

காரணம் கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது.
கன்றோடு நின்ற மூஸ்.
மாலையில் திரும்புகையில், காலையில் நான் பதித்த
பனித்தடத்தின் மேலேயே
நிதானமாக நடந்திருந்த பூமா.
பாதை முடியுமிடத்தில், எஞ்சினை அணைக்காமல்,
"தனியாகவா?" என்று கேட்ட இரண்டு பேர்.
அவர்களிடமும் கரடி என்றுதான் சொன்னேன்.

அந்த அக்டோபரில்
குவார்ட்ஸ் ஓடைக்கு மேலே
செத்து நின்ற லார்ச் ஒன்று
காற்றே இல்லாமல் முறிந்து
வெர்லின் தொடைமேல் விழுந்தது.
சத்தம் எனக்குப் பின்னால்தான் வந்தது. மரம் அவர் பக்கம்.
ரேடியோவில் இரைச்சல்.
மூன்று சுட்டால் உதவி என்று பொருள்,
எந்த ஊர்க் காட்டிலும்.
சுட்டேன், எண்ணி எண்ணி, மூன்று.
ஆனால் எல்க் வேட்டை மாதத்தில்
மூன்று என்பது
யாருக்கோ குளிர்காலத்துக்கு இறைச்சி, அவ்வளவுதான்.

பிறகு அக்கரைச் சரிவிலிருந்து
மூன்று கேட்டது.
எதிரொலி இல்லை. எதிரொலி அவ்வளவு தாமதிக்காது.
குழியில் ஓர் ஈயம் மிச்சம்.
விரலை வைத்தேன், எடுத்தேன்.
இருட்டிக்கொண்டு வந்தது.
அது எங்களுக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

தீ மூட்டினேன். என் கோட்டைப் போர்த்தினேன்.
ரேடியோ பேசும் உச்சிக்கு ஏறுமுன்
துப்பாக்கியை அவர் கையில் வைத்தேன்.
"இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"
"கரடிக்கு" என்றேன்.
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
ரத்தவாடையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

விடிந்தபின் ஹெலிகாப்டர் வந்தது.
ஒரு வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில்,
கால் கம்பிகளால் கோத்துத் தொங்க,
"உன் ஆயுதம் காலி" என்றார்.
"என்ன வந்தது?"
"எதுவும் வரவில்லை.
நடுராத்திரி சுமாருக்கு மறுபடியும் மூன்று கேட்டது.
காதில் விழுந்தது என்றாவது
சொல்ல வேண்டாமா?"

ஷெரிஃப் அலுவலகத்தில் விசாரித்தேன்.
அந்த வாரம் காணாமற்போனவர் யாருமில்லை.
அடுத்த வாரமும் இல்லை.
ஏட்டைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு
ஏன் கேட்கிறாய் என்றார் குமாஸ்தா.

வெர்லின் இப்போது கைத்தடியோடு
அஞ்சலகம்வரை நடக்கிறார்.
நான் இன்னும் எண்ணுகிறேன்.
பொடிரவை வாங்குவதில்லை. ஆறும் ஈயம்.
பாம்பென்றால் சுற்றிக்கொண்டு போய்விடலாம்.

"கரடிக்கா?" என்கிறாள் ஜோலீன்.
இந்த வருடம் இரண்டு பெட்டி.