பதினொன்றரைப் பவுன்

சில்லறையின் நிறை தொண்ணூற்றிரண்டு கிராம்.
கஸ்தூரியார் வீதி நகைக்கடைத் தராசோடு
பத்தொன்பது வருசமாய் நிற்கிறவனுக்கு
அது பதினொன்றரைப் பவுன்.
சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை,
செய்கூலி சேதாரம் இல்லாத கொக்கட்டில்.

மாசியில் அதற்கு என்னவோ பிடித்தது.
சோற்றுக் கரண்டியில் தன் முகத்தைக் கண்டு
தலையை ஆட்டி ஆட்டி
தின்ற தினையை மேலே எடுத்து
கரண்டிக் குழிக்குள் பக்குவமாய் வைத்தது.
பிறகு என் பெருவிரல் நகத்தில்.
அலுமாரிக்கு அடியில் புகுந்து
கரண்ட் பில்லைக் கிழித்து மெத்தை போட்டது.
சுகிர்தா கிட்டப் போனால் சீறும்.
தோட்டைப் பிடித்து இழுத்ததில்
கழன்று விழுந்த சுரை
இன்னும் கிடைக்கேல்லை.

துணி மூடிய கூட்டோடு ஓட்டோவில்
கொக்குவிலில் இருந்து திருநெல்வேலிக்கு.
எங்களுக்கு முன்னால் ஒரு மறியாடு,
காதெல்லாம் உண்ணியோடு ஒரு நாய்.
யோகமலர் டொக்டர் எச்சத்தைப் பார்த்தார்,
நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க தடவுறனீங்கள்?"
"முதுகில."
"தலையோட நிப்பாட்டுங்கோ.
வருத்தம் ஒண்டும் இல்லை, இது பருவம்.
முதுகைத் தடவினால் அதுக்கு அர்த்தம் வேற."

வீடு வருமட்டும் சுகிர்தா சிரித்தாள்.
கண்ணாடிக்குள்ளால் ஓட்டோக்காரனும்.

ஆறு மணிக்கே கூட்டை மூடினோம்.
கரண்டிகள் லாச்சிக்குள் போயின.
சுடச்சுட அவித்த சோளம் நின்றது.
அலுமாரி இடுக்கில் இரண்டு செங்கல்.
மூன்று கிழமையில் ஆள் அடங்கிவிட்டார்.
ஆசைக்கு மருந்து இருட்டு என்பது
எனக்குப் புதுச் செய்தி.

அதனால்தான் வைகாசியில்,
சோளகம் பிடித்த கிழமை,
திரும்பவும் அது தலையை ஆட்டினபோது
"துவங்கீட்டார் மாப்பிள்ளை" என்றேன்.
கரண்டி இல்லை. விரல் இல்லை.
எதிரில் ஒருவரும் இல்லை.
தினை தெறித்துச் சுவரில், கம்பியில்,
அதன் கொண்டை மயிரிலேயே ஒட்டிக் காய்ந்தது.
நாலு நாள்
அதையும் காதல் எண்டு துடைத்தேன்.

சுகிர்தாதான் கண்டாள்.
தண்ணி மாற்றக் கையை விட்டவள்
எடுக்காமல் அப்படியே நின்றாள்.
"இஞ்ச வாங்கோ.
இது என்னைக் கடிக்கேல்லை."

மத்தியான வெக்கையில்
மாரிக்குளிரில் நிற்கிற மாதிரி இறகை உப்பிக்கொண்டு
கூட்டின் அடித்தட்டில் இருந்தது.
மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது.
அவளுடைய விரல் அதன் அலகுக்கு முன்னால்,
ஒரு கோபமும் இல்லாமல்.

தராசில் வைத்தேன்.
எண்பத்துநான்கு.
ஒரு பவுன் குறைவு.
கடையில் ஒரு பவுன் குறைந்தால்
கதவைப் பூட்டிவிட்டு
எங்கள் எல்லாருடைய பையையும் கொட்டிப் பார்ப்பார் முதலாளி.
இங்கே
யாருடைய பையைக் கொட்டுவது?

"கழுத்துப் பையில பூஞ்சணம்" என்றார் டொக்டர்.
"ஆசையெண்டால் ஒரு இடம் பார்த்து வைக்கும்.
வருத்தமெண்டால் எறியும்."
ஊசி இல்லாத சிரிஞ்சைக் காட்டினார்,
எத்தனை துளி, எத்தனை நேரம்.
நாலு நாள் பிந்தி வந்ததைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.
ஓட்டோவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்போது மேசை விளக்கின் சூட்டில் கூடு.
காலை ஆறரைக்கு நான் நிறுக்கிறேன்,
கொப்பியில் எழுதுகிறேன்:
எண்பத்துநான்கு. எண்பத்துநான்கரை. எண்பத்துநான்கு.
இன்றைக்கு எண்பத்தாறு, பத்தேமுக்கால் பவுன்.
எனக்கு முன்னமே சுகிர்தா எழும்பி
அவளுடைய தராசைப் போட்டுவிடுவாள்,
கம்பிக்கு உள்ளே ஒரு சுட்டுவிரல்.

நேற்று அது அலகைத் திறந்தது.
விரலைப் பார்த்தது.
மூடிக்கொண்டது.
கொட்டாவியோ கோபமோ தெரியாமல்
கொப்பியில் ஒரு வரி
வெறுமையாய் விட்டிருக்கிறேன்.