மைதாப் பசை

வெடி எப்போது என்று யாரும் சொல்வதில்லை.
ஆகவே தாள் ஒட்டினோம்.
நாகவேணி வீட்டுச் சுவரில்,
ரேஷன் கடையில், அங்கன்வாடியில்,
விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலத் தாள்.
தேதி, இரண்டு கையெழுத்து.
கிழிந்தால்
சுவர் இன்னும் நடக்கிறது.

திங்கள்தோறும் போச்சம்பள்ளியில் முதல் பஸ்.
கிருஷ்ணகிரியில் வரிசை.
முப்பத்தோராவது மனுவுக்குப் பதில் வந்தது:
உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது.
உரியவர் எங்களை
இன்னொரு உரியவரிடம் அனுப்பினார்.
தகவல் கேட்டுப் பத்து ரூபாய் வில்லை ஒட்டினோம்.
வில்லை நன்றாக ஒட்டியது.

சங்கத்தில் ஒன்பது பேர்.
பத்தாவது ஆள் குவாரியில் துளை போடுகிறவன்,
கூட்டத்துக்கு வரமாட்டான்.
வெடித்ததும் என் போனில்
ஒரு மிஸ்டு கால்.
நேரத்தை நோட்டில் எழுதுவேன்,
பேரை எழுத மாட்டேன்.

ஆய்வுக்கு ஜீப் வந்த அன்று
மலை ஊமை.
எங்கோ மயில் அகவியதுகூடக் கேட்டது.
"சத்தமே இல்லையே" என்றார் அதிகாரி,
டீயை ஊதியபடி.
நாகவேணி வாதாடவில்லை.
கிழிந்த தாள்கள் நூற்றுப்பதினேழையும்
ஜீப்பின் மூக்கில் பரப்பி
பறக்காமலிருக்கச்
சல்லிக்கல் வைத்தாள்,
அதே குவாரிச் சல்லி.
டீ ஆறிவிட்டது.

மூன்று மாதம் கழித்து
குவாரி வாசலில் ஒரு பலகை:
வெடி நேரம் மாலை நான்கு முதல் ஐந்து.
அவ்வளவுதான்.
மூடவில்லை, ஆழம் குறையவில்லை.
மூன்றே முக்காலுக்குப்
பிள்ளைகளை வெளியே கூட்டி வருகிறோம்,
ஆடுகளை ஏரிப்பக்கம் ஓட்டுகிறோம்.
ஒரு மணி நேரத்தை ஜெயித்திருக்கிறோம்.

நேற்று நாலு இருபதுக்கு வெடித்தது,
பலகைப்படி.
ராத்திரி பதினொன்று ஐந்துக்கு
ஒரு மிஸ்டு கால்.

எழுந்து அடுப்பைப் பற்றவைத்து
பசை கிண்டுகிறேன்.