தடைக்காலக் கேரம்

சித்திரை பிறந்த மறுநாள் கடலுக்குப் பூட்டு.
அறுபத்தொரு நாள்.
காசிமேட்டில் படகுகள் தோளோடு தோள் இடித்தபடி
பெயின்ட் காய நிற்கின்றன.
பகலில் வீட்டிலிருப்பது எப்படியென்று தெரியாத ஆம்பிளைகள்
வாசலுக்கும் டீக்கடைக்குமாகச் செருப்பைத் தேய்க்கிறார்கள்.
அப்போதுதான் எங்கள் தெருவில் கேரம் போட்டி.

வசூல் நோட்டு என் கையில். மைக்கும்.
ஐஸ் கம்பெனி தேசிங்கு: ஐநூறு.
வலைக்கடை நாகூர் மீரான்: ஷாமியானா, வாடகை வேண்டாம்.
துலுக்காணத்தம்மா: நீர்மோர், முதல் நாள் மட்டும்.
டிரைவர் கன்னியப்பன்: "தடை முடியட்டும், தரேன் தலைவா."
போன வருஷமும் இதே வரி.

ஜெசிந்தா பேர் கொடுக்க வந்தபோது
இறால் கம்பெனி கையுறையை இன்னும் கழற்றவில்லை.
பொம்பளைங்களுக்குத் தனி லிஸ்ட் போடலாமே
என்றார் யாரோ.
"போர்டுல குழி நாலு. அதுல எனக்குன்னு தனியா ஒண்ணு வெட்டியிருக்கீங்களா?"
எழுதிக்கொண்டேன்.

பத்தொன்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு
ஞாயிறு ராத்திரி ஃபைனலில் உட்கார்ந்தாள்.
எதிரே கன்னியப்பன்.
அலையில் வீல் பிடித்த கை,
ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் பூப்போல ஆகிவிடும்.
இவள் கையோ
நாளைக்கு ஆயிரம் இறால் தலை கிள்ளுகிற கை.
நகக்கண்ணில் உப்பு வெடிப்பு, அதன் மேல் பவுடர்.

இருபத்து நாலு, இருபத்து நாலு.
போர்டில் மூன்று காய், ஒரு சிவப்பு.
கரண்ட் போயிற்று.

தெருமுனையில், எப்போதும்போல,
துறைமுகக் கேட் திறக்காத கன்டெய்னர் லாரிகள்.
காலையிலிருந்து ஒரே இடம்.
முதல் லாரிக்காரர் எந்த ஊரோ, அடுப்பை அணைத்து,
சப்பாத்தியை மடித்து வாயில் வைத்துக்கொண்டு
ஏறி உட்கார்ந்தார்.
ஹெட்லைட் போட்டார்.

"மறைக்காதே, உக்காரு, உக்காரு!"
தெரு முழுக்கத் தரையில் உட்கார்ந்தது.
தேர் வந்தாலும் இப்படி உட்காராத தெரு.
காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் நிழல்.
எது காய், எது நிழல் என்று
கன்னியப்பன் கண்ணைக் கசக்கித் தவறவிட்டார்.

ஜெசிந்தா குனிந்தாள்.
அதே நேரம் கேட் திறந்துவிட்டது போல.
பின்னாலிருந்து ஒரு ஹாரன்,
அதன் பின்னால் இன்னொன்று,
எண்ணூர் வரைக்கும் ஹாரன்.
லாரிக்காரர் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டினார்,
உள்ளங்கை பின்பக்கம் பார்க்க.
இரு.

சிவப்பு விழுந்தது.
சத்தம் போட்டோம். ஹாரன் அதைவிடச் சத்தம்.
ஃபாலோ காயை அடித்தாள்.
உருண்டது, குழி விளிம்புக்கு வந்தது, நின்றது.
பாதி வெளியே, பாதி காற்றில்.

இனிமேல் அவராலும் முடியாது.
கியர் விழுந்தது.
நாற்பது டன் எங்களைக் கடந்து போனது.
வெளிச்சம் சுவரில் ஏறி, மாதா கெபியைத் தடவி,
குழாயடிக் குடங்களின் மேல் ஓடி, மறைந்தது.
தரை அதிர்ந்தது. தொடையில் உணர்ந்தேன்.
இருட்டில் டொக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் விளிம்பில் காய் இல்லை.

ரூல் புத்தகத்தில் லாரி இல்லை.
அரை மணி நேரம் தெரு ரெண்டாக நின்று கத்தியது.
கடைசியில் கன்னியப்பன் எழுந்து லுங்கியை உதறினார்.
"பரிசு குக்கர்தானே? அத்த வெச்சு நான் என்ன நடுக்கடல்ல
விசில் வுட்டுக்கினு இருக்கறதா? அவளுக்கே குடு."
பெருந்தன்மையா, கோபமா, இன்றுவரை தெரியாது.
ஜெசிந்தா வாங்கிக்கொண்டு
"அது விழ வேண்டிய காய்தான்" என்றாள்,
மைக்கில்.

ராத்திரி நோட்டைத் திறந்தேன்.
லாரி, வெளிமாநில நம்பர், கடைசி ரெண்டு எண் மட்டும் ஞாபகம்.
கொடுத்தது: வெளிச்சம், பதினோரு நிமிஷம்.
தொகை என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி யோசித்தேன்.
மை ஊறிப் பெரிய புள்ளியாகிவிட்டது.
கேரம் காய் அளவுக்கு.