மூன்றரை அங்குலம்

கொமட்டைத் தூக்கிப் பதினாலு அடி
தள்ளி வைக்கவேணும். கேட்டது அவ்வளவுதான்.
ஸ்காபறோவிலிருந்து வருகிற மூத்தாருக்கு
அறையோடு ஒட்டினபடி ஒரு பாத்ரூம்.
பதினொரு நாள் நிற்பார். காசும் அவர்தான் அனுப்பினார்.
வீடும் அவர் பேரில்தான்.

ஓர்ஸ்ஹில்லில் மண் என்பது மேலே ஒரு முழம்.
அதற்குக் கீழே பாறை.
தயாபரன் கொத்தினான், கொத்தினான்,
அலவாங்கு முனை மழுங்கி
"அக்கா, இதுக்குமேல இறங்காது" என்றான்.
வெட்டின கானுக்குள் காலையில் மான் புழுக்கை.
எங்களுக்கு முன்னமே யாரோ
திறப்புவிழா நடத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேணும்.
குறைந்தால் தேங்கும்.
கூடினால் தண்ணீர் முந்தி ஓடிவிடும்,
மற்றது பின்னால் தனியே கிடக்கும்.
பதினாலு அடிக்கு மூன்றரை அங்குலம்.
அந்த மூன்றரையைப் பாறையிடம் கெஞ்சித்தான் வாங்கினோம்.
நாலு இஞ்சிக் குழாய், இரண்டு எல்போ, பசை காய ஒரு பகல்.
மேலே வெள்ளை ரைல்ஸ்.
படம் அனுப்பினோம். மூத்தார் கட்டைவிரல் காட்டினார்.

காற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

வந்தார். கோணேசரைக் கும்பிட்டார்,
கன்னியா வெந்நீரில் குளித்தார், இறால் சாப்பிட்டார்.
அவர் தண்ணீர் விடுகிற ஒவ்வொரு முறையும்
குளிக்கும் மூலையில் இருக்கிற துவாரம்
களக் களக் என்று எதையோ சொல்லவந்து விழுங்கியது.
பிறகு நாற்றம்.
இரண்டு போத்தல் டெட்டோல், ஒரு கட்டு ஊதுபத்தி.
ஆறாம் நாள் இரவு சாப்பாட்டில்
"இந்த வீட்டை வித்தால் என்ன?" என்றார்.
என் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.
நான் சொதி ஊற்றினேன்.

அவர் விமானம் ஏறின பிறகு
கிண்ணியாவிலிருந்து சுபைதீன் பாஸ் வந்தார்.
துவாரத்துக்குள் ரோச் அடித்துப் பார்த்தார்.
"ட்ரப்புக்க தண்ணி இல்லியே, தங்கச்சி."
வளைவுக்குள் எப்போதும் நிற்கவேண்டிய ஒரு சுண்டு தண்ணீர்.
குழிக்கும் வீட்டுக்கும் நடுவே அதுதான் கதவு.
"கொமட் தண்ணி குழாய நிரப்பி இறங்கக்குள்ள
பின்னால காத்து வேணும்.
நீங்க குடுக்கல்ல.
அது எங்கயாவது இழுக்கத்தானே செய்யும்?"
இழுத்தது. எங்கள் கதவையே குடித்துவிட்டு இறங்கியது.

கொமட்டுக்குக் கிட்ட ஒரு டீ,
அதிலிருந்து இரண்டு இஞ்சிக் குழாய்
சுவரோடு ஏறி, ஓடு துளைத்து, வெளியே ஒரு முழம்.
கூரையில் ஓட்டையா என்று என் அவர் தயங்கினார்.
மாரி வரும், ஒழுகும்.
அதோடு அண்ணாவிடமும் கேட்கவேணும்.

"கேளுங்கோ," என்றேன்.
"ஓட்டையையும் கேளுங்கோ. மற்றதையும் கேளுங்கோ."

ஃபோனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.
பின்னேரம் மூன்று மணி, அங்கே இன்னும் விடிந்திராது.
என்ன பேசினார் தெரியாது.
குரல் ஒருமுறை உயர்ந்தது,
இருபத்திரண்டு வருசத்தில் நான் கேளாத உயரம்.

சுபைதீன் பாஸ் ஒருவருக்காகவும் காத்திருக்கவில்லை.
ஏணி வைத்து ஏறி, ஓட்டை போட்டு,
சுற்றிவரத் தார் பூசி இறங்கியிருந்தார்.
துவாரத்துக்கு ஒரு வாளி ஊற்றினோம்.
கொமட்டில் தண்ணீர் விட்டோம்.
நான் முழங்காலில் குனிந்து பார்த்தேன்:
வளைவுக்குள் தண்ணீர் ஒருக்கால் அசைந்து
அங்கேயே நின்றது.

குழாய் வாய்க்குக் கொசுவலைத் துண்டு கட்டினோம்.
கச்சான் அதில் உரசி இரவில் மெல்ல ஊதுகிறது.
பக்கத்து வீட்டு ரீச்சர், ஆர் படிக்கிறது என்று கேட்டார்.

வீட்டு உறுதி இன்னும் வரவில்லை.
என் அவர் சாப்பிடும்போது இப்போது வாய் திறக்கிறார்.
சொதிக்கு உப்புக் கூட, என்கிறார்.
கூடத்தான்.