சுவருக்கு மருந்து

முதல் புட்டி இளஞ்சிவப்பு.
கொதித்தாறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றி
நன்றாகக் குலுக்கினால்
பொடி கரைந்து ஸ்ட்ராபெரி மணக்கும்.
ஏழு நாள், மூன்று வேளை.
ஐந்தாம் நாளே பெனிட்டா துள்ளினாள்.
மீதியை ஃபிரிட்ஜ் கதவில்
கெட்சப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தேன்.
ஒன்பதாம் நாள் இரவு மூன்றரைக்கு
இருமல் திரும்பி வந்தது,
சாவி அதனிடமே இருந்ததைப் போல.

இரண்டாவது மஞ்சள். வாழைப்பழ வாசனை.
கிளினிக்கில் டோக்கன் நாற்பத்தொன்று.
டாக்டர் தலை நிமிர்வதற்குள் சொல்லிவிட்டேன்:
"கொஞ்சம் ஸ்ட்ராங்கா எழுதுங்க."
எழுதினார்.
கேட்டது நான்தான். இதை எங்கேயாவது
சொல்லிவைக்க வேண்டும்.

ஷார்ஜா ரோலாவில் எங்கள் அறைக்கு
மூன்று பக்கம்தான் சுவர்.
நான்காவது ஜிப்சம் பலகை.
பலகைக்கு அப்பால் ஒருவர் தூங்குகிறார்.
குபூஸ் அடுப்படியில் வேலை.
மீராசா என்ற பெயரே
கரண்ட் பில் பங்குக் கணக்கில் படித்ததுதான்.
இவள் இருமினால்
பலகையில் இரண்டு முறை
டொக். டொக்.
நான் அவள் வாயை என் தோளில் புதைத்துக்கொள்வேன்.
செல்வின் ஏசியை நிறுத்துவான், போடுவான்,
இருமலுக்கு ஆகாதது குளிரா புழுக்கமா என்று தெரியாமல்.

மூன்றாவது வெள்ளை. கசப்பு.
மூக்கைப் பிடித்துச் சிரிஞ்சால் செலுத்தினால்
பாதி என் நைட்டியில்.
நான்கு நாள் வயிற்றுப்போக்கு.
தொடை இடுக்கெல்லாம் சிவந்து
உட்கார மாட்டாமல்
நின்றுகொண்டே தோசை தின்றாள்.
பிறகு பொம்மையைப் படுக்கவைத்து
வாயைத் திறடீ என்று மிரட்டினாள்,
என் குரலில்.

அடுத்து அந்த சூடான்காரம்மா.
ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்து
சூடாக்கிவிட்டுத்தான் முதுகில் வைத்தார்.
எட்டு இடம். இரண்டு காது. நகங்கள்.
மூன்று புட்டிகளையும் மேஜைமேல் நிறுத்தினேன்
சான்றிதழ்களைப் போல.
நெஞ்சு சுத்தம் என்றார்.
வைரஸ் விட்டுப்போன இருமல்,
போகிற அன்றைக்குப் போகும்.
மூச்சு வாங்கினால், காய்ச்சல் திரும்பினால் உடனே வா.
மருந்து?
"சபுர்" என்றார்.
பொறுமை எந்த பார்மசியில் கிடைக்கும் என்று
கேட்க எனக்கு அரபி போதாது.
ஐம்பது திர்ஹம் கொடுத்துவிட்டு
வெறுங்கையோடு லிஃப்டில் இறங்கினால்
ஏமாந்த மாதிரிதான் இருந்தது.

அன்று மாலை அடுத்த கதவைத் தட்டினேன்.
"அண்ணே, இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம்.
மன்னிச்சிக்கணும்."
கதவிடுக்கில் பாதி முகம்.
"எதுக்கு?"
"நீங்க தட்டுறீங்களே."
அவர் கட்டிலைக் காட்டினார்.
பலகையோடு ஒட்டிய மேல்தட்டு.
புரண்டால் ஒருமுறை, எழுந்தால் ஒருமுறை
முழங்கை இடிக்கும்.
"பாப்பா இருமுனா மூன்றரை மணி.
நான் அலாரமே வைக்கிறதில்ல."

மூன்று புட்டி.
ஒரு முழங்கைக்கு.

எந்த இரவில் இருமல் போனது என்று தெரியாது.
வழியனுப்ப யாரும் விழித்திருக்கவில்லை.
ஒரு காலை கண் திறந்தபோது
திரையோரத்தில் வெயில்,
என் கையில் அவள் கால்.
அப்பால் ஏதோ தடாலென்று விழுந்தது.
யா அல்லா என்ற குரல்,
செருப்பு இழுபடும் ஓட்டம்.

அன்றைக்கு எங்கள் தெருவுக்குக் குபூஸ்
எட்டு மணிக்குத்தான் வந்தது.