ஏழாண்டு பாதுகாக்க வேண்டியவை

ஆகஸ்ட், இரண்டாம் செவ்வாய், மாலை ஆறரை.
ஏரியிலிருந்து வந்த காற்று
நகரமன்றக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறது.
நாற்பது நாற்காலி. ஒன்பது பேர்.
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

என் வேலை எழுதுவது:
யார் பேசினார், எதைப் பற்றி, ஆதரவா, எதிர்ப்பா.
அழுதார் என்று எழுதக் கூடாது.
மேசையை அறைந்தார் என்றும்.

உலை வாயை மூடலாம்,
ஊர் வாயை மூட முடியாது.
பெல்கி ஹார்பரில் அதற்கு மூன்று நிமிடம் தருகிறோம்.
பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு.
சிவப்பு எரிந்தால்
மேயர் வெர்னா ஹாட்டலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்.
அதற்கு மேல் யாரும் பேசியதில்லை,
டுவைட் மக்கின்னனைத் தவிர.

டுவைட்: கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது என்ற விதி பற்றி.
"குஞ்சாக வாங்கும்போது எனக்கெப்படித் தெரியும்?"
எதிர்ப்பு என்று குறித்தேன்.

மரியெட்டா ப்ரூலே: தண்ணீர்க் கட்டணம்.
"ஒற்றை ஆள் நான், நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
வீட்டில் திமிங்கிலமா வளர்க்கிறேன்?"
சிரிப்பையும் எழுதக் கூடாது.

அடுத்து ரேமண்ட் ஓயலா.

ஆறாம் தெருவுக்கு அடியில் ஒரு மதகுக் குழாய் இருந்தது.
பனி உருகும் ஏப்ரல்தோறும் அது விக்கிக்கொள்ளும்.
விக்கியதெல்லாம் அவருடைய நிலவறையில் ஏறும்.
பேச்சு வராத மனிதர்.
ஊறுகாய் ஜாடி ஒன்றில் மொண்டு வந்து
ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைப்பார்.
"இது நேற்றையது."
மீதி இரண்டே முக்கால் நிமிடம்
ஐந்து உறுப்பினர்களும் அந்தத் தண்ணீரைப் பார்த்தாக வேண்டும்.

மன்றத்தின் முன் வைத்தது எதுவோ அது பொது ஆவணம்,
ஏழாண்டு பாதுகாக்க வேண்டும் என்பது விதி.
பாதுகாத்தேன்.
நாய் உரிமப் பதிவேடுகளுக்கும்
உடைந்த அணிவகுப்புக் கொடிக்கும் நடுவே
நான்கு வருடத்தில் பதினான்கு ஜாடி,
தேதி ஒட்டி, எண் இட்டு.
வந்த அன்று தேநீர் நிறம்.
மாதம் போகப் போக மண் கீழே இறங்கியது.
குறை அடியிலேயே கிடந்தது,
நீர் மட்டும் தெளிந்துவிட்டது.

சென்ற அக்டோபரில் குழாயை மாற்றினார்கள்.
இந்த ஏப்ரலில் அவர் வரவில்லை.
மே மாதமும் வரவில்லை.
இருமுறையும் நான் கதவைப் பார்த்தேன் என்பது
கூட்டக் குறிப்பில் இல்லை.

இன்று வெறுங்கையோடு நிற்கிறார்.
"நிலவறை காய்ந்திருக்கிறது. நன்றி."
ஐந்து விநாடி.
படிவத்தில் இரண்டே கட்டம்;
நன்றியை எதில் போடுவது?
பேனாவை எடுத்தபடியே இருக்கிறேன்,
அவர் தொண்டையைச் செருமுகிறார்.
"அந்த ஜாடிகள் வேண்டும்.
வெள்ளரிக்காய் முற்றுகிறது."

லைல் ஸ்டெங்கார்டு நிமிர்ந்தார்:
"இன்று ஜாடி கொடுத்தால் நாளை வரைபடம் கேட்பார்கள்."
ஆவணம் தண்ணீரா ஜாடியா என்று
வழக்கறிஞரைத் தொலைபேசியில் பிடித்தார்கள்.
தண்ணீர்தான், என்றார் அவர், அனேகமாக.
அப்படியானால் தண்ணீரை எதில் வைப்பது?
வேறு ஜாடியில்.
அதை யார் வாங்குவது, எந்தத் தலைப்பில்?
பத்தொன்பது நிமிடம்.
மழைக்கு ஒதுங்கிய இருவரும்
மழை விட்ட பிறகும் எழுந்து போகவில்லை.

மூன்றுக்கு இரண்டு: செப்டம்பருக்கு ஒத்திவைப்பு.
"செப்டம்பரில் வெள்ளரி இருக்காது,"
என்றார் ரேமண்ட், விளக்கு சிவப்பான பின்.
மேயர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

சனிக்கிழமை என் அலுவலக வாசலில் ஒரு ஜாடி.
புத்தம் புதிது,
விலைச்சீட்டுகூட மூடியில் அப்படியே.
பூண்டு, சதகுப்பைத் தழை, கலங்காத உப்புநீர்.

ஊழியருக்கு வரும் பரிசை மன்றத்தின் முன் வைக்க வேண்டும்.
அதற்கும் ஒரு விதி இருக்கிறது.
வைத்தால் ஏழாண்டு.

எழுதினேன்:
ஆவணம் பதினைந்து. வெள்ளரி, ஊறியது.
மூடி ஒருமுறை திறக்கப்பட்டுள்ளது.
எண்ணிக்கை பதினொன்று.
வரும்போது பன்னிரண்டு இருந்திருக்கலாம்.